பத்தாண்டின் சிறந்த ஆட்டக்காரர் யார்?



வரலாறு என்று சொன்னவுடன் மன்னர்களும் போர்களும் உடன்படிக்கைகளும் நம் நினைவுக்கு வருகின்றன. விளையாட்டுக்கும் வரலாறு உண்டு என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு பந்தயத்தில் வென்றவர் யார் என்று அறிய மறுநாள் செய்தித்தாள் போதும். ஒரு பத்தாண்டில் சிறந்து விளங்கியவர் யார் என்று கூற வேண்டுமானால் செய்தித்தாள் போதாது. சான்றுகளைத் திரட்ட வேண்டும். அவற்றை எடை போட வேண்டும். சான்று கிட்டாத இடத்தில் அடக்கத்தோடு பேச வேண்டும். வரலாற்றாசிரியனுடைய வேலை முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிக் கிடக்கிறது. இதனை எனக்கு உணர்த்தியவர்கள் பேரறிஞர்கள் அல்லர். ஜவ்வாது மலையில் என்னிடம் பயின்ற சிறுவர்களே ஆவர். அதனைத்தான் இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன்.

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மாவட்டங்களில் அது பரந்து கிடக்கிறது. ஜமுனாமரத்தூர் அம்மலையின் தலைமையான ஊர். மலையாளி என்று வழங்கப்பெறும் பழங்குடி மக்கள் அங்கு வாழ்கின்றனர். பெயரைக் கொண்டு அவர்களைக் கேரளத்தார் என்று கருதிவிடலாகாது. அவர்கள் தமிழ் பேசுபவர்கள். சாமை விளைவிப்பதும், பலாவும் தேனும் புளியும் சந்தைக்குக் கொண்டுவருவதும் அவர்களுடைய தொழில்கள். நான் பணி ஓய்வு பெறுவதற்கு முன் சில ஆண்டுகள் அம்மலைமேல் உள்ள ஒரு பள்ளியில் தலைமையாசிரியனாக இருந்தேன்.

எங்கள் பள்ளியின் விளையாட்டுத் திடல் ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். பந்து எல்லைக் கோட்டைக் கடந்துவிட்டால், கீழேயுள்ள ஓடைவரை உருண்டு போய்விடும். அதை எடுத்து வருவதற்குள் ஆட்டக்காரர்கள் மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்து, ஒரு சண்டையும் போட்டு முடித்துவிடுவார்கள். அத்தகைய திடலில் ஆடிய சிறுவர்களுக்குக் கால்பந்தின்மேல் இருந்த பற்றோ அளவிடற்கரியது. ஐரோப்பிய ஆட்டக்காரர்களின் பெயர்களை அவர்கள் தம் உறவினர் பெயர்களைப் போல உரிமையோடு சொல்லுவார்கள்.

2019-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் எங்கள் மாணவர் மன்றத்தில் ஒரு சொற்போர் நடந்தது. பத்தாண்டு ஒன்று முடியப்போகிறது. இப்பத்தாண்டில் ஐரோப்பாவில் ஆடிய கால்பந்து வீரர்களுள் தலைசிறந்தவர் யார் என்பதே பொருள். ஒரு சாரார் போர்த்துக்கல் நாட்டு ரொனால்டோவை நிறுத்தினர். மற்றொரு சாரார் பார்சிலோனாவில் ஆடிவந்த மெஸ்ஸியை நிறுத்தினர். "பத்தாண்டுகளில் ஐந்து முறை தங்கப் பந்துப் பரிசு பெற்றவர் மெஸ்ஸி, ரொனால்டோ பெற்றது நான்கு முறையே" என்றான் ஒருவன். "மெஸ்ஸி அர்ஜெண்டினாக்காரர். ஐரோப்பியரைப் பற்றிப் பேசும்போது அவரை எப்படிச் சேர்க்கலாம்?" என்று மடக்கினான் மற்றொருவன். மன்றம் அதிர்ந்தது. தலைவர் என்ற முறையில் தீர்ப்புக் கூறும் பொறுப்பு என்னுடையதாயிற்று.

நான் எழுந்தேன். அப்பொழுது பின் வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து நின்றான். அவன் எங்கள் பள்ளி அணியின் கோல் காப்பாளன். அதிகம் பேசாதவன்.

"ஐயா, இவ்வளவு நேரம் பேசினார்கள். ஒருவர்கூடக் கோல் காப்பவர் பெயரைச் சொல்லவில்லையே. அவர்களும் ஆடுகிறவர்கள்தானே?" என்றான்.

சிலர் சிரித்தனர். என்னால் சிரிக்க முடியவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அவ்வாண்டு எங்கள் விளையாட்டு விழாவில் வகுப்புகளுக்கிடையே இறுதியாட்டம் ஒன்று நடந்தது. ஒன்றுக்குச் சுழி என்ற கணக்கில் ஓர் அணி வென்றது. சிறந்த ஆட்டக்காரனுக்குரிய கோப்பையை வழங்க வேண்டியவன் நான். நானோ அன்று அலுவலக அறையில் கணக்கேடுகளோடு இருந்துவிட்டு, ஆட்டம் முடியும் தறுவாயில் திடலுக்கு வந்தேன். "கோல் அடித்தவன் யார்?" என்று கேட்டேன். ஒருவனைக் காட்டினார்கள். கோப்பையை அவன் கையில் கொடுத்துவிட்டேன். வென்ற அணியின் கோலைக் காத்து நின்றவன், இப்பொழுது எழுந்து வினவிய இந்தச் சிறுவன்தான். ஆட்டத்தைப் பாராமல் தீர்ப்புச் சொன்ன ஒருவனிடம் அவன் நியாயம் கேட்கிறான் என்று எனக்குத் தோன்றியது.

"தம்பி, உன் கேள்விக்கு இப்பொழுது விடை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஒரு வாரம் தவணை கொடு" என்று கூறி மன்றத்தைக் கலைத்தேன்.

அந்த ஒரு வாரமும் நான் படித்தவற்றை, எண்ணியவற்றைச் சுருங்கச் சொல்லுகிறேன்.

கண்முன் நடந்துமுடிந்த பத்தாண்டினை அளப்பது கடினம். விருப்பும் வெறுப்பும் இன்னும் ஆறியிருக்க மாட்டா. ஆதலின் சற்றுத் தொலைவில் உள்ள ஒரு பத்தாண்டினை எடுத்துக்கொண்டேன். 1956 முதல் 1965 வரையிலான காலம் அது. அதனைத் தேர்ந்ததற்கு இரண்டு காரணங்கள். பிரான்ஸ் நாட்டில் வெளிவரும் 'பிரான்ஸ் ஃபுட்பால்' என்னும் இதழ், ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தங்கப் பந்து வழங்கும் வழக்கத்தை 1956-இல்தான் தொடங்கிற்று. மற்றொரு காரணத்தைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

அப்பத்து ஆண்டுகளில் பரிசு பெற்றவர்களை வரிசையாகக் கேளுங்கள். இங்கிலாந்தின் ஸ்டான்லி மாத்யூஸ், ஸ்பெயின் நாட்டுக்காக ஆடிய டி ஸ்டெபனோ, பிரான்ஸின் ரெமோன் கோப்பா, மீண்டும் டி ஸ்டெபனோ, ஸ்பெயினின் லூயி சுவாரஸ், இத்தாலிக்காக ஆடிய சீவோரி, செக்கோஸ்லோவாக்கியாவின் மசோபுஸ்ட், சோவியத்து நாட்டின் லெவ் யாஷின், ஸ்காட்லாந்தின் டெனிஸ் லா, போர்த்துக்கலின் யூசேபியோ. பரிசுகள் பத்து; பெற்றவர்கள் ஒன்பதின்மர். பட்டியல் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் பட்டியலைப் பார்த்தவுடன் நம்பிவிடுவது மாணவனுக்கு அழகன்று. அதனிடம் மூன்று வினாக்களைக் கேட்க வேண்டும்.

முதல் வினா எல்லையைப் பற்றியது. ஐரோப்பிய ஆட்டக்காரர் என்றால் யார்? டி ஸ்டெபனோ பிறந்தது அர்ஜெண்டினாவின் புவனோஸ் அயர்ஸ் நகரில். ஸ்பெயினின் குடியுரிமை பெற்றது 1956-இல். சீவோரியும் அர்ஜெண்டினாவில் பிறந்தவரே. யூசேபியோ பிறந்த மொசாம்பிக், ஆப்பிரிக்காவில் அன்று போர்த்துக்கலின் ஆட்சியில் இருந்த நிலம். இவர்கள் ஐரோப்பியராகக் கொள்ளப்பட்டனர். ஆனால் 1958-இல் பதினேழு வயதில் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இரண்டு கோல்கள் அடித்த பிரேசிலின் பெலேக்கு அப்பரிசு கிட்டவில்லை. விதி அவரை வெளியே நிறுத்தியிருந்தது. பிற கண்டத்தவரும் ஐரோப்பியக் கழகங்களில் ஆடினால் பரிசு பெறலாம் என்று 1995-இல் விதி மாறிற்று. 2016-இல் அவ்விதழே பழைய பட்டியலைத் திரும்பப் பார்த்தது. எல்லை இல்லாதிருந்தால் யார் யார் பெற்றிருப்பர் என்று ஆராய்ந்தது. நாம் பேசும் பத்தாண்டில், 1958 முதல் 1964 வரை, தொடர்ந்து ஏழு ஆண்டுகளின் பெயர்கள் மாறின. ஆறு ஆண்டுகள் பெலேக்கும், 1962 பிரேசிலின் கரிஞ்சாவுக்கும் சென்றன. பழைய பரிசுகளை யாரும் திரும்பப் பெறவில்லை என்பது உண்மையே. ஆயினும் ஒரு விதியை மாற்றினால் பத்தில் ஏழு பெயர்கள் மாறும் எனின், 'சிறந்தவர்' என்ற சொல் எவ்வளவு தூரம் அவ்விதியைச் சார்ந்து நிற்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். மெஸ்ஸியைப் பற்றி எங்கள் மன்றத்தில் எழுந்த வினா, அறுபது ஆண்டுகளாக உள்ள வினாதான்.

இரண்டாம் வினா காலத்தைப் பற்றியது. சான்று எப்பொழுது தொடங்கிற்று? ஹங்கேரி நாட்டின் புஷ்காஷ் தம் நாட்டுக்காக 85 ஆட்டங்களில் 84 கோல்கள் அடித்தவர். 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் அவருடைய அணி தங்கம் வென்றது. 1953 நவம்பரில் லண்டன் வெம்பிளி திடலில் இங்கிலாந்தை ஆறுக்கு மூன்று என்று வீழ்த்தியது. 1954 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் மேற்கு ஜெர்மனியிடம் தோற்றது. அவர் புகழின் உச்சியில் இருந்த அவ்வாண்டுகளில் தங்கப் பந்தே இல்லை. அது தொடங்கிய 1956-இல் ஹங்கேரியில் கிளர்ச்சி மூண்டது. வெளிநாட்டில் இருந்த புஷ்காஷ் தாயகம் திரும்பவில்லை. ஏறத்தாழ ஈராண்டுகள் ஆட்டமின்றிக் கழிந்தன. பின்னர் ரியல் மாட்ரிட் கழகத்தில் சேர்ந்து, 1960-இல் ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் தாம் ஒருவராகவே நான்கு கோல்கள் அடித்தார். அன்று எஞ்சிய மூன்று கோல்களை அடித்தவர் டி ஸ்டெபனோ. ஆயினும் தங்கப் பந்து புஷ்காஷுக்கு ஒருமுறையும் கிட்டவில்லை. பட்டியலை மட்டும் படிப்பவன் அப்படி ஒருவர் இருந்தார் என்பதையே அறியமாட்டான்.

மூன்றாம் வினாவே என் மாணவன் கேட்ட வினா. அணியில் எந்தப் பணியைச் செய்தவர் எண்ணப்படுகிறார்? முதல் பரிசினைப் பெற்ற மாத்யூஸ் நாற்பத்தொரு வயதினர். விளிம்போரமாகப் பந்தைக் கொண்டுசென்று பிறர் கோல் அடிக்க எடுத்துக் கொடுப்பவர். 1953-இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் அவருடைய அணி வென்றபோது, மூன்று கோல்கள் அடித்தவர் மார்டென்சன் என்பவர். ஆனால் அவ்வாட்டம் இன்றுவரை மாத்யூஸ் பெயராலேயே வழங்குகிறது. ஆகவே உதவியவரை உலகம் ஒருபோதும் காண்பதில்லை என்றும் சொல்ல முடியாது. சில வேளைகளில் காண்கிறது. ஆனால் அடிக்கடி மறந்துவிடுகிறது. நாம் எடுத்துக்கொண்ட பத்தாண்டில் தடுப்பாட்டக்காரர் ஒருவருக்கும் அப்பரிசு செல்லவில்லை. ஜெர்மனியின் பெக்கன்பவர் வாயிலாக 1972-இல்தான் அக்குறை நீங்கிற்று. கோல் காப்பவர்களுள் 1963-இல் யாஷின் பெற்றார். அவருக்குப் பின் இன்றளவும் கோல் காப்பவர் வேறெவரும் பெறவில்லை. அந்த ஒருவரும், நான் முன்னே சொன்ன மறு ஆய்வில், பெலேக்கு இடம் விட்டு விலக நேர்ந்தது.

ஏன் இவ்வாறு நேர்கிறது? அடித்த கோல் எண்ணில் ஏறுகிறது. தடுத்த கோல் எண்ணில் ஏறுவதில்லை. நடந்ததை எழுதிவைப்பது எளிது. நடக்காமல் காத்ததை எழுதிவைப்பது அரிது. இது கால்பந்துக்கு மட்டும் உரிய குறையன்று. வெள்ளம் வந்த ஆண்டை வரலாறு எழுதும்; ஏரிக்கரையைக் காத்து வெள்ளம் வாராமல் செய்தவனை எழுதாது.

இனி அப்பத்தாண்டினைத் தேர்ந்த மற்றொரு காரணத்தைச் சொல்லுகிறேன். அதே காலத்தில் நம் நாட்டிலும் கால்பந்து பொற்காலமாக விளங்கிற்று. ஐரோப்பியரோடு நம்மவர் நேருக்கு நேர் நின்று ஆடினர். இன்று ஐரோப்பியர் பெயர்களை மனப்பாடமாக ஒப்பிக்கும் மாணவர்களுள் பெரும்பாலோர் இதனை அறியார்.

1948-இல் லண்டன் ஒலிம்பிக்கில் நம் அணியினர் பலர் வெறுங்காலோடு ஆடி, பிரான்ஸிடம் ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தோற்றனர். 1951-இல் புதுதில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஈரானை வென்று தங்கம் பெற்றனர். 1952-இல் ஹெல்சிங்கியில் யுகோஸ்லாவியாவிடம் ஒன்றுக்குப் பத்து என்று படுதோல்வி அடைந்தனர். ஆனால் நான்கே ஆண்டுகளில், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில், ஆஸ்திரேலியாவை நான்குக்கு இரண்டு என்று வென்று அரையிறுதிக்குச் சென்றனர். அவ்வாட்டத்தில் நெவில் டிசூசா மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக்கில் அச்சிறப்பைப் பெற்ற முதல் ஆசியர் அவரே. முடிவில் இந்தியா நான்காம் இடம் பெற்றது. அதே மெல்போர்னில் தங்கம் வென்ற சோவியத்து அணியின் கோலைக் காத்தவர் யாஷின். 1960-இல் ரோம் நகரில் நம்மவர் ஹங்கேரியை எதிர்த்து ஆடி, ஒன்றுக்கு இரண்டு என்ற குறுகிய வேறுபாட்டில் தோற்றனர். அவ்வாண்டு வெண்கலம் பெற்ற அந்த ஹங்கேரி அணியில் இடம்பெற்ற புளோரியன் ஆல்பர்ட் என்பவர் 1967-இல் தங்கப் பந்து பெற்றார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நம்மை வென்ற பிரான்ஸோடு, ரோமில் ஒன்றுக்கு ஒன்று என்று சமநிலை கண்டனர். 1962 செப்டம்பர் 4-ஆம் நாள் ஜகார்த்தாவில் தென்கொரியாவை இரண்டுக்கு ஒன்று என்று வென்று மீண்டும் ஆசியத் தங்கத்தைப் பெற்றனர்.

இக்காலத்தில் நம் நாட்டிலும் அதே வினா எழுந்தது. சிறந்தவர் யார்? கல்கத்தாவில் மோகன் பகான் கழகத்தின் அன்பர்கள் சுனி கோஸ்வாமி என்றனர். ஜகார்த்தாவில் வென்ற அணிக்குத் தலைவர் அவர். கிரிக்கெட்டிலும் வங்காளத்துக்கு ஆடியவர். வேறு சிலர் பி.கே. பானர்ஜி என்றனர். பெருங்கழகங்களை நாடாமல் கிழக்கு ரயில்வே அணியிலேயே நிலைத்து நின்றவர் அவர். ரோமில் இந்திய அணியின் தலைவர். அங்கே பிரான்ஸுக்கு எதிராக நம் கோலை அடித்தவர். ஜகார்த்தா இறுதியாட்டத்தின் முதல் கோலும் அவருடையதே. மூன்றாமவர் துளசிதாஸ் பலராம். செகந்தராபாத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, கிழக்கு வங்கக் கழகத்தில் புகழ் பெற்றவர். ரோமில் ஹங்கேரிக்கு எதிராக நம் கோலை அடித்தவர் அவரே. முன்னணியில் எந்த இடத்தில் நிறுத்தினாலும் ஆடக்கூடியவர். பிறருக்கு வழி அமைத்துக் கொடுப்பதில் வல்லவர். நோயின் காரணமாக 1963-இல், முப்பது வயதை எட்டுமுன்பே, ஆட்டத்தை விட்டார்.

மூவரும் அர்ஜுனா விருது பெற்றனர்: பானர்ஜி 1961-இல், பலராம் 1962-இல், கோஸ்வாமி 1963-இல். பின்னர்க் கோஸ்வாமிக்கும் பானர்ஜிக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பலராமுக்குக் கிடைக்கவில்லை. அவர் 2023-இல் மறைந்தார். விருதுப் பட்டியலை மட்டும் கையில் கொண்டு தீர்ப்புச் சொல்பவன் அவரை மூன்றாமவர் என்று சொல்லக்கூடும். ஹங்கேரி ஆட்டத்தின் குறிப்பை மட்டும் கையில் கொண்டவன் அவரை முதல்வர் என்று சொல்லக்கூடும். சான்று மாறத் தீர்ப்பும் மாறும்.

மூவரும் முன்னணி ஆட்டக்காரர்களே என்பதையும் கவனியுங்கள். ஜர்னைல் சிங் தடுப்பாட்டக்காரர். ஜகார்த்தாவில் தலையில் அடிபட்டுத் தையல் போடப்பெற்ற நிலையில், அவரை முன்னணியில் நிறுத்தினார் பயிற்சியாளர். இறுதியாட்டத்தின் இரண்டாம் கோலை அடித்தவர் அவர்தான். அன்று கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். நெடிய உருவத்தினர். நம் நீலகிரியில் வெலிங்டனில் உள்ள மதராஸ் படைப்பிரிவு மையத்தின் அணியில் ஆடி வளர்ந்தவர். அம்மலை அணி 1955-இலும் 1958-இலும் தூரந்த் கோப்பையை வென்றது. ஜகார்த்தாவில் தங்கராஜ் நோயுற்றபோது அவ்விடத்தில் நின்று காத்தவர் பிரத்யுத் பர்மன். ரோமுக்குச் சென்ற தஞ்சாவூர்க்காரர் சைமன் சுந்தரராஜ், பின்னர்ப் பயிற்சியாளராக இருந்து 1973-இல் கேரளத்துக்கு முதல் சந்தோஷ் கோப்பையைப் பெற்றுத் தந்தார். இவர்கள் அனைவரையும் ஓர் அணியாக உருவாக்கியவர் ஐதராபாத்தின் சையது அப்துல் ரஹீம். அவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்பதில் எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி உண்டு. ஜகார்த்தா வெற்றிக்கு அடுத்த ஆண்டே புற்றுநோயால் மறைந்தார். அவர் வரலாற்றைக் கூறும் 'மைதான்' என்னும் இந்தித் திரைப்படம் 2024-இல்தான் வெளிவந்தது. அறுபது ஆண்டுகளுக்குமேல் அவரை அறிந்தவர் சிலரே.

இவ்வாறெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தபோது, சிறந்தவர்களை நினைவில் வைக்க நம் முன்னோர் என்ன செய்தனர் என்ற எண்ணம் எழுந்தது. விடை மலையடிவாரத்திலேயே இருந்தது. ஜவ்வாது மலைக்கு அருகில் உள்ள செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பேர் பெற்றது. ஆநிரைகளைக் காக்கும் போரில் மாண்டவர்களுக்கு எடுத்த கற்கள் அவை. தமிழ்நாடு தொல்லியல் துறை அவற்றைப் படித்து, 1972-இல் 'செங்கம் நடுகற்கள்' என்ற பெயரில் நூலாக வெளியிட்டது. பல்லவர் காலத்து அக்கற்களில் வட்டெழுத்துப் பொறிக்கப்பட்டிருக்கிறது. அவற்றில் என்ன எழுதினர்? எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, வீரன் எவன், யாருடைய சேவகன், எந்த இடத்தில் என்ன செய்து பட்டான் என்று எழுதினர். 'இவனே எல்லாரினும் சிறந்தவன்' என்று வரிசைப்படுத்துவது அவர்கள் நோக்கமன்று. செயலை எழுதினர், தீர்ப்பை நம்மிடம் விட்டனர்.

அவற்றுள் எடுத்தனூரில் கிடைத்த கல் ஒன்று உண்டு. முதலாம் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எடுக்கப்பட்டது. கருந்தேவக்கத்தி என்னும் வீரன் மாண்ட செய்தியை அது கூறுகிறது. அவ்வளவோடு நிற்கவில்லை. அவனோடு இருந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்தது என்றும் கூறுகிறது. கல்லில் நாயின் உருவமும் உண்டு. அரசன் பெயர் இருக்கும் கல்லிலேயே நாயின் பெயரும் இருக்கிறது. கோல் காப்பவனை மறந்த என் மன்றத்தையும், நாயையும் மறவாத அந்தக் கல்தச்சனையும் ஒருங்கே எண்ணிப் பார்த்தேன். எனக்கு நாணம் உண்டாயிற்று.

அடுத்த வாரம் மன்றம் கூடிற்று. இங்கே உங்களுக்குச் சொன்னவற்றுள் பெரும்பாலானவற்றை மாணவர்களுக்குச் சொன்னேன். ரொனால்டோவா, மெஸ்ஸியா என்பதற்கு நான் தீர்ப்புக் கூறவில்லை. "எல்லை எது, சான்று எது, பணி எது என்ற மூன்றையும் முதலில் சொல்லிவிட்டு, பிறகு யார் பெயரை வேண்டுமானாலும் சொல்லுங்கள். அப்பொழுது உங்கள் விடை தவறாக இருந்தாலும், தவறு எங்கே என்று பிறர் காட்ட இயலும்" என்றேன்.

பிறகு கோப்பையைப் பற்றிப் பேசினேன். ஆட்டத்தைப் பாராமல் பரிசு கொடுத்தது என் பிழை என்று எல்லார் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டேன். கோல் அடித்தவன்மேல் குற்றம் ஒன்றும் இல்லை; அவன் அடித்தது நல்ல கோல் என்றும் சொன்னேன். அவனே எழுந்து, "ஐயா, நான் அடித்தது ஒன்று. அவன் அன்று ஏழு பந்துகளைத் தடுத்தான்" என்றான். "ஐந்துதான்" என்றான் ஒருவன். "ஒன்பது" என்றான் மற்றொருவன். நான் கோல் காத்தவனையே கேட்டேன். "எண்ணவில்லை, ஐயா" என்றான். நடந்து நான்கு மாதங்கள்கூட ஆகவில்லை. பார்த்தவர்கள் நூறு பேர் அங்கேயே இருந்தனர். ஆயினும் உண்மையான எண்ணிக்கை மறைந்துவிட்டது. யாரும் எழுதிவைக்கவில்லை. இனி எவ்வளவு முயன்றாலும் அது கிடைக்கப்போவதில்லை. வரலாறு எவ்வாறு இழக்கப்படுகிறது என்பதை முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தியும் நான் அவ்வளவு தெளிவாகக் கற்பித்ததில்லை.

அன்று ஒரு தடித்த குறிப்பேடு வாங்கி அவர்களிடம் கொடுத்தேன். ஒவ்வோர் ஆட்டத்தின் பின்னும் நாள், அணிகள், கோல் கணக்கு ஆகியவற்றோடு, ஒவ்வொருவன் செய்ததையும் ஒரு வரியில் எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. சிறந்தவன் என்ற சொல்லை மட்டும் அதில் எழுதக்கூடாது. முதல் ஆட்டத்துக்குக் குறிப்பு எழுதும் வேலையைக் கோல் காப்பாளனுக்கே கொடுத்தேன்.

மறுநாள் ஏட்டைப் பார்த்தேன். கோல் அடித்தவர்கள், எடுத்துக் கொடுத்தவர்கள், தடுத்தவர்கள் எல்லாரும் இருந்தனர். தன்னைப் பற்றி, "நான்கு பந்துகளைத் தடுத்தேன், இரண்டை விட்டேன்" என்று எழுதியிருந்தான். கடைசி வரியில் ஆறாம் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுவனின் பெயர் இருந்தது. அவன் எந்த அணியிலும் ஆடியவன் அல்லன். யார் இவன் என்று விளங்காமல் படித்தேன். "பந்து பதினொரு முறை ஓடைக்கு உருண்டது. பதினொரு முறையும் இவன் இறங்கிப் போய் எடுத்து வந்தான்" என்று எழுதியிருந்தது.

மாணவர்களே, உங்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் பத்தாண்டின் சிறந்தவர் யார் என்ற சொற்போர் நடக்கும். நடக்கட்டும்; அது நல்ல பழக்கமே. ஆனால் அதற்குமுன் ஒரு குறிப்பேட்டைத் திறந்து வையுங்கள்.